மூச்சு, மருந்து, உடும்பின் வால்

புனிதா வேலைக்கு விண்ணப்பம் போட்டு அந்த வேலையில் சேரவில்லை. ஒரு புகார்க் கடிதம் எழுதினாள். அதைப் படித்தவர்கள் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள்.

அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஏழு வருடமாகத் தரச் சோதனைப் பிரிவில் இருந்தாள். காற்றடைத்த கையுறைகள் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும். ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் கண்டுபிடித்து எடுத்துப் போட வேண்டும். ஒரே மாதிரியான பொருளை எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாலும் அவளுக்குக் கண் சோர்வதில்லை என்று மேற்பார்வையாளர்கள் பேசிக்கொள்வார்கள். அது பெருமைப்பட வேண்டிய விஷயமா என்று அவளுக்குத் தெரியாது. வேலை முடிந்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புந்தோங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

வீட்டில் அம்மா செல்லாயி மட்டும்தான். புனிதா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அவளுக்கு ஒன்பது வயதானபோது தோட்டத்தை விற்றுவிட்டார்கள், குடும்பம் புந்தோங்குக்கு வந்தது. அப்பாவின் பெயர் அப்பாவு. லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் கூட்டாளாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் இறந்த வருடம் புனிதா பள்ளிப் படிப்பை முடித்து நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள்.

தொழிற்சாலைத் தோழி ஒருத்தி கல்யாணமாகிப் போகும்போது தன்னுடைய பழைய வீடியோ விளையாட்டுக் கருவியை விற்றுவிட்டுப் போனாள். அதை வாங்கியதில்தான் எல்லாம் ஆரம்பமானது. கத்தியும் கேடயமும் ஏந்தி, குகை குகையாகப் போய் எதிரிகளோடு மோதுகிற விளையாட்டுகள் புனிதாவுக்குப் பிடித்துப்போயின. மற்றவர்கள் ஜெயிப்பதற்காக ஆடினார்கள். புனிதாவுக்கோ தான் ஏன் தோற்றோம் என்பதில்தான் அக்கறை. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சாவையும் எழுதி வைத்தாள்: எந்த அடியில் செத்தேன், எந்தப் பக்கம் உருண்டேன், பையில் எத்தனை மருந்து மிச்சம்.

அந்தச் சமயத்தில் ஈப்போவிலேயே, குனோங் ராபாட்டில் ஒரு சின்ன நிறுவனம் தன் முதல் விளையாட்டை வெளியிட்டது. பெயர் வெண்பாறை ஸ்டூடியோ. மோட்டார் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் ஏழு பேர் வேலை செய்தார்கள். உள்ளூர்க்காரர்கள் செய்தது என்று ஆசையாக வாங்கிய புனிதா மூன்றாவது கட்டத்தில் மாட்டிக்கொண்டாள். நாற்பத்தொரு தடவை செத்தாள். பிறகு அந்த நாற்பத்தொன்றையும் வகை பிரித்து, பதினொரு பக்கத்துக்குக் கடிதம் எழுதி அனுப்பினாள். "இதில் இருபத்தாறு சாவு என் தப்பு. பதினைந்து உங்கள் தப்பு" என்று முடித்திருந்தாள்.

நிறுவனத்தின் தலைவர் சுபேசன் மறுவாரமே அழைத்தார். அவர் யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். அப்பா துரைசிங்கம் நில அளவை இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் பொறியியல் படித்துவிட்டு விளையாட்டு செய்கிறான் என்று ஊரில் யாரிடமும் சொல்லாதவர். சுபேசன் கடிதத்தை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"இதுல பதினஞ்சு எங்க தப்புன்னு எழுதியிருக்கீங்க. நாங்க எண்ணிப் பாத்தோம்."

"எவ்ளோ வந்துச்சு?"

"பதினேழு."

சோதனையாளர் வேலை கிடைத்தது. இரண்டு வருடத்தில் சண்டை வடிவமைப்பாளர் ஆனாள். அதாவது, எதிரி எவ்வளவு வேகமாக அடிப்பான், அடிப்பதற்கு முன் எவ்வளவு நேரம் கையை ஓங்குவான், ஆடுபவரிடம் எவ்வளவு உயிர், எவ்வளவு மூச்சு, எவ்வளவு மருந்து இருக்கும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற வேலை. தொழிற்சாலையைவிட இங்கே சம்பளம் கொஞ்சம் குறைவு. அம்மாவிடம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லி வைத்தாள்.

வெண்பாறையின் இரண்டாவது விளையாட்டுக்கு 'ஏழு குகை' என்று பெயர். பாராங்கத்தி ஏந்திய ஒரு காவல்காரி சுண்ணாம்புக் குன்றுகளுக்குள் ஏழு குகைகளைக் கடந்து போக வேண்டும். திரையின் மூலையில் இரண்டு கோடுகள் இருக்கும். சிவப்புக் கோடு உயிர். பச்சைக் கோடு மூச்சு. வெட்டினாலும் உருண்டாலும் ஓடினாலும் மூச்சு குறையும், சற்று நின்றால் திரும்ப ஏறும். காயம் பட்டால் மருந்து குடிக்கலாம். வழியெல்லாம் முளைத்திருக்கிற மூலிகையைப் பறித்து, அரைத்து, குப்பியில் அடைத்து வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது குப்பி வரை சேர்க்கலாம். மூலிகை ஏற்பாடு முழுவதும் சுபேசனின் யோசனை. அதற்காகவே இரண்டு வருடம் உழைத்திருந்தார். பதினெட்டு வகைச் செடி, ஒவ்வொன்றுக்கும் தனி இலை, தனிப் பூ.

இரண்டாவது குகையில் ஒரு பேருடும்பு இருந்தது. வீட்டுக் கூரை அளவு உயரம். அங்கேதான் பிரச்சினை வந்தது.

ஒரு சனிக்கிழமைக் காலையில் வெளியாட்கள் எட்டுப் பேரை வரவழைத்து ஆடச் சொன்னார்கள். அதில் ஒருத்தி சுபாஷினி, தொழிற்சாலையில் புனிதாவுக்குப் பக்கத்து இருக்கைக்காரி. இன்னமும் அங்கேதான் வேலை. மற்றவர்கள் திரையைப் பார்த்துக் குறிப்பெடுத்தபோது புனிதா ஆடுகிறவர்களின் கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டுப் பேரில் ஒருவர்கூட உடும்பைத் தாண்டவில்லை. நான்கு பேர் பாதியிலேயே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டார்கள். சுபாஷினி பதினான்கு தடவை செத்தாள். அவள் பையில் முப்பத்தொரு குப்பி மருந்து இருந்தது.

"ஏன்டி, இத்தன மருந்து இருக்கே, ஒண்ணுகூட குடிக்கல?" என்று புனிதா கேட்டாள்.

"வச்சிருந்தேன்லா. இன்னும் அஞ்சு குகை இருக்குன்னு நீதான சொன்ன. பின்னாடி இதவிடப் பெரிய ஆளு வந்தா என்னா செய்யிறது?"

"பின்னாடி போறதுக்கு மொதல்ல இங்க உசுரோட இருக்கணுமே."

"அது சரிதான். ஆனா அவ்ளோ பூ பறிச்சி அரைச்சி வச்சது, சும்மா குடிக்க மனசு வரமாட்டேங்குது."

புனிதா மற்றவர்களின் பைகளையும் பார்த்தாள். ஆறு பேர் மருந்தோடு செத்திருந்தார்கள்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் சுபேசனிடம் சுலபமான தீர்வு இருந்தது. "உடும்போட உயிர இருபது சதவீதம் கொறச்சிடலாம். எல்லாரும் தாண்டிடுவாங்க."

"அப்படிச் செஞ்சா சண்டை சீக்கிரம் முடியும்ணே. நல்லா முடியாது" என்றாள் புனிதா. "இப்ப ஆடுறவங்க உடும்போட சண்ட போடல. பையோட சண்ட போடுறாங்க. குடிக்கலாமா வேணாமான்னு யோசிக்கிற நேரத்துலதான் அடி வாங்குறாங்க."

"அதுக்கு என்ன செய்யச் சொல்றீங்க?"

"மருந்து சேக்கிறதே வேணாம். கையில நாலு குப்பி. விளக்குக்கிட்ட வந்து ஒக்காந்தா நாலும் ரொம்பிடும். சேத்து வச்சிப் பிரயோசனம் இல்லன்னா குடிச்சிருவாங்க."

விளக்கு என்று அவள் சொன்னது ஒவ்வொரு குகை வாசலிலும் இருக்கிற கல்விளக்கு. செத்துப்போனால் ஆட்டம் அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும். அவள் சொல்வது நடந்தால் பதினெட்டு வகைச் செடியும் வெறும் அலங்காரமாகிவிடும் என்பது அங்கே எல்லோருக்கும் புரிந்தது.

சுபேசன் பேனாவை மூடித் திறந்து மூடினார். "மூணு வாரம். அந்த ஒரு குகைக்கு மட்டும். புடிக்கலன்னா பழசுக்கே போயிடுவோம்."

நிரலாளர் விக்னேஸ்வரனும் அவளும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். விக்னேஸ்வரன் அவள் வயதுக்காரன், அதிகம் பேசாதவன், கேட்டதைச் செய்து கொடுப்பான். மூன்று குப்பி வைத்துப் பார்த்தார்கள். ஆடிப் பார்க்க வந்த ஓரிருவர் பயந்து ஒளிந்தார்கள். ஐந்து வைத்தார்கள். அஜாக்கிரதையாக முட்டி மோதினார்கள். நான்குதான் சரியாக வந்தது. குடிக்க ஒன்றரை விநாடி ஆகும், அந்த நேரத்தில் ஓட முடியாது என்று வைத்தாள். உடும்பு வாலைச் சுழற்றி முடித்துத் திரும்ப இரண்டு விநாடி ஆகும். ஆக, எப்போது குடிக்கலாம் என்பதைச் சொல்லித்தர எழுத்து எதுவும் வேண்டாம், உடும்பே சொல்லித்தந்துவிடும்.

ஆனால் ஆட்கள் இன்னமும் செத்தார்கள். மருந்து இருந்தது, குடித்தார்கள், செத்தார்கள். புனிதா மூன்று நாள் கண்களை மட்டும் பார்த்தாள். பிறகுதான் பிடிபட்டது. உருள வேண்டிய நேரத்தில் மூச்சு தீர்ந்து போயிருந்தது. தீர்ந்தது அவர்களுக்குத் தெரியவில்லை. பச்சைக் கோடு மூலையில் இருந்தது, அவர்கள் கண்ணோ உடும்பின் மேல் இருந்தது.

"கோட்ட மின்ன வச்சிரட்டா?" என்றான் விக்னேஸ்வரன்.

"மின்னினாலும் பாக்கமாட்டாங்க விக்கி. கூரை ஒசரத்துக்கு ஒண்ணு வாயத் தொறந்துகிட்டு நிக்கிது, மூலையில யாரு பாப்பா?"

"அப்ப?"

"காது சும்மாதான இருக்கு."

காவல்காரிக்கு மூச்சு குறையக் குறைய இரைக்க வேண்டும், தோள் தொங்க வேண்டும், கத்தி முனை தரையைத் தொட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இரைப்புச் சத்தம் எங்கேயும் சரியாகக் கிடைக்கவில்லை. கடைசியில் புனிதாவே கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் மேலும் கீழும் ஓடினாள், விக்னேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே உதிரிபாகக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "அலாமாக், யாருக்கு என்னா ஆச்சு?" என்று பதறினார். ஏழாவது ஓட்டத்தில் கிடைத்த சத்தம்தான் இன்றுவரை விளையாட்டில் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்த்தாள். வெட்டு எதிரிமேல் பட்டால், அதற்குச் செலவான மூச்சில் ஒரு பங்கு உடனே திரும்பி வரும். தூரமாக நின்று காத்திருப்பவனுக்கு மெதுவாக ஏறும், நெருங்கிப் போய் வெட்டுகிறவனுக்குச் சீக்கிரம் ஏறும். பயந்தவர்களைத் தண்டிப்பது அவள் நோக்கமில்லை. நெருங்கியவர்களுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் மறுபடி எட்டுப் பேர் வந்தார்கள். சுபாஷினி ஒன்பதாவது தடவையில் உடும்பை வீழ்த்தினாள். கன்ட்ரோலரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். "செத்துட்டான்! புனிதா, செத்துட்டான் பாரு!" என்று அவள் போட்ட கூச்சலில் மற்றவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கையில் ஒரு குப்பிகூட மிச்சமில்லை.

சுபேசன் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு, "சரி. மத்த ஆறு குகைக்கும் செய்ங்க" என்றார். மூலிகை அரைக்கிற பகுதியை அவரே தன் கையால் நீக்கினார். வேறு யாரையும் செய்யச் சொல்லவில்லை. செடிகள் குகை ஓரங்களில் அழகுக்கு நின்றன.

அதற்கு ஐந்து மாதம் கழித்து, முதல் இரண்டு குகைகளை மட்டும் இலவச டெமோவாக வெளியிட்டார்கள். முதல் நாள் நல்ல பேச்சு. இரண்டாம் நாள் உடும்பைப் பற்றிப் புலம்பல் தொடங்கியது. புனிதா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடினமான சண்டை என்றால் புலம்பல் இருக்கும்தான்.

அன்று மாலை சுபாஷினி குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "ஏய், வீட்டுல ஆடிப் பாத்தேன். வாலு என் மேல படவே இல்லலா, ஆனா செத்துப் போறேன். மூணு நாலு தடவ அப்படி ஆச்சு. என்னான்னு பாரு."

புனிதா உடனே பதில் போட்டாள். "அஞ்சு மாசம் ஆச்சுல்ல, கை மறந்திருக்கும். இன்னும் கொஞ்சம் பழகு."

நான்காம் நாள் ஒரு காணொளி வந்தது. லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிற ஓர் ஆட்டக்காரர், உடும்பைக் குகை வாசல் வரை இழுத்து வந்தார். வாசலுக்கு வெளியே விளக்கு. உடும்பால் வாசலைத் தாண்ட முடியாது. அவர் உள்ளே எட்டி இரண்டு வெட்டு, வெளியே வந்து விளக்கடியில் உட்கார்ந்து நான்கு குப்பியும் நிரப்பிக்கொண்டு, மறுபடி இரண்டு வெட்டு. இப்படியே நாற்பது நிமிடம். நடுவில் காவல்காரியை உட்கார வைத்துவிட்டு இவர் எழுந்துபோய் மீ கோரெங் வாங்கி வந்து சாப்பிட்டார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விளையாட்டை விற்றுத்தர ஒப்பந்தம் போட்டிருந்த வெளியீட்டு நிறுவனத்திலிருந்து சுபேசனுக்கு மின்னஞ்சல் வந்தது. அதில் சிரிப்பு எதுவும் இல்லை.

அது வெள்ளிக்கிழமை. சுபேசன் புனிதாவையும் விக்னேஸ்வரனையும் அழைத்தார்.

"கதவு ஒண்ணு வச்சிடுவோம். உள்ள போனதும் மூடிக்கணும். எத்தன நேரம் ஆகும் மச்சான்?"

"அர மணி நேரம்" என்றான் விக்னேஸ்வரன்.

"திங்கக்கிழம வரைக்கும் டைம் குடுங்கண்ணே" என்றாள் புனிதா. "நாப்பது நிமிசம் ஒரே வேலையச் செய்யிறதுன்னா அலுப்புதான? ஒருத்தன் ஏன் அந்த அலுப்ப ஒத்துக்கிறான்னு எனக்குத் தெரியணும்."

சுபேசனுக்குக் கோபம்தான். ஆனால் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புனிதா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் காணொளியை முதலிலிருந்து பார்த்தாள். ஊரே பார்த்துச் சிரித்தது வாசல் தந்திரத்தை மட்டும்தான். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் அந்த மனிதர் நேர்மையாகத்தான் ஆடியிருந்தார். நன்றாகவே ஆடினார். சரியான நேரத்தில் குடித்தார். இரைப்புச் சத்தம் கேட்டதும் பின்வாங்கினார். பதினாறு தடவை செத்தார். புனிதா பழையபடி ஒரு தாளில் ஒவ்வொன்றாக எழுதினாள். பதினாறில் பதினொன்று வாலால் வந்த சாவு. பதினொன்றிலும் அவர் பின்பக்கமாக உருண்டிருந்தார்.

அவள் காணொளியை மெதுவாக ஓட்டினாள். வால் சுழன்று வந்தது. நுனி காவல்காரியின் காலுக்கு முன்னால், நன்றாக இடைவெளி விட்டு, தரையைத் துடைத்துக்கொண்டு போனது. காவல்காரி செத்து விழுந்தாள்.

மறுபடி ஓட்டினாள். வால் படவே இல்லை.

மடிக்கணினியைத் திறந்து உடும்பின் எண்கள் இருக்கும் அட்டவணையைப் பார்த்தாள். வால் எட்டும் தூரம் 3.2 மீட்டர் இருக்க வேண்டும். 4.2 என்று இருந்தது. யார் மாற்றியது, எப்போது மாற்றியது என்ற விவரம் பக்கத்திலேயே வரும். டெமோவுக்கு ஒன்பது நாள் முன்னால். மாற்றியவர் புனிதா.

அந்த நாள் நன்றாக ஞாபகம் இருந்தது. பாகான் செராயில் சித்தப்பா மகன் கல்யாணம். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வீட்டில் தயாராகக் காத்திருந்தார். இன்னொரு அடி எட்டும் தூரத்தை மாற்றப் போய், வரிசை மாறி, வாலில் கை வைத்திருக்கிறாள். சோதித்துப் பார்க்காமல் கிளம்பிவிட்டாள். அலுவலகத்தில் ஏன் ஒருவருக்கும் தெரியவில்லை என்பதற்கும் விடை இருந்தது. அந்தச் சண்டையை நூறு தடவை ஆடிப் பழகிய அவர்கள் எல்லோரும் உடும்பின் வயிற்றுப் பக்கமாக, முன்னோக்கித்தான் உருளுவார்கள். புதிதாக வருகிற மனிதன்தான் பின்னால் போவான்.

எண் தப்பியதைவிட அவளை அதிகம் சுட்டது சுபாஷினிக்கு அனுப்பிய பதில். கைப்பேசியில் அது இன்னும் இருந்தது. இன்னும் கொஞ்சம் பழகு. ஒரு காலத்தில் பதினொரு பக்கம் எழுதி, பதினைந்து உங்கள் தப்பு என்று சொன்னவள் அவள். அவளிடம் இரண்டே வரியில் ஒருத்தி சொன்னாள். அவள் கேட்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். "பிறகு வாரேன்மா" என்றாள்.

திங்கட்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் அவளே பேசினாள். காணொளியில் அந்த இடத்தை மெதுவாக ஓட்டிக் காட்டினாள். அட்டவணையைக் காட்டினாள். "நான் மாத்தினது. டெஸ்ட் பண்ணாம போயிட்டேன். ரெண்டாம் நாளே ஒருத்தங்க சொன்னாங்க, அதையும் நான் காதுல போட்டுக்கல."

சுபேசன் டெமோ வெளியான நாளிலிருந்து விரல்விட்டு எண்ணினார். "ஒரு வாரமா இது வெளிய கெடக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "அத்தன பேரும் தங்களுக்கு ஆடத் தெரியலன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க."

"ஆமாண்ணே."

"யாரு எழுதிப் போடுறது?"

"நானே எழுதுறேன். என் பேருலயே."

ஆங்கிலத்திலும் மலாயிலும் தமிழிலும் நான்கு வரி எழுதினாள். பேருடும்பின் வால் கண்ணுக்குத் தெரிவதைவிட ஒரு மீட்டர் அதிகமாக எட்டியது. பின்பக்கம் உருண்டு செத்தவர்கள் சரியாகத்தான் ஆடினார்கள். தவறு என்னுடையது. திருத்தியாகிவிட்டது. கீழே புனிதா அப்பாவு, சண்டை வடிவமைப்பு.

கதவைப் பற்றி மட்டும் விவாதம் நடந்தது. அதையும் சேர்த்துவிடலாம் என்று சுபேசன் சொன்னார். வேண்டாம், ஒரு வாரம் பார்க்கலாம் என்றாள் புனிதா. இத்தனை நடந்த பிறகு இவள் எப்படி வாதாடுகிறாள் என்பதுபோல விக்னேஸ்வரன் அவளைப் பார்த்தான். பிறகு, "பாப்போம்லா. கதவு எங்கயும் ஓடிப் போயிடாது" என்று அவள் பக்கம் சேர்ந்துகொண்டான். ஒரு வாரத்தில் கணக்கு வந்தது. திருத்துவதற்கு முன் ஐந்து பேரில் ஒருவர் வாசல் தந்திரத்துக்குப் போனார். திருத்திய பின் ஐம்பதில் ஒருவர்கூடப் போகவில்லை. கதவு வைக்கவே இல்லை.

அந்த ஆட்டக்காரர் மறுபடி ஆடி ஆறாவது தடவை ஜெயித்தார். "இப்ப நியாயமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த விளையாட்டுக்குப் போனார். இந்தப் புதுக் காணொளியை, முன்னதைப் பார்த்தவர்களில் பத்தில் ஒரு பங்கு ஆட்கள்கூடப் பார்க்கவில்லை.

அதே வாரம் புனிதா சுபாஷினி வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளிதான். சுபாஷினி மத்தியான ஷிப்டுக்குச் சீருடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னது சரி. வால் படல. என் தப்பு."

"அப்பறம் எதுக்குப் பழகுன்னு சொன்ன?"

"திமிரு."

சுபாஷினி சட்டைப் பொத்தானைப் போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "நான் என்னா நெனச்சேன் தெரியுமா? இவ ஆபீஸ் வேலைக்குப் போயிட்டா, இனிமே நம்ம சொன்னா எங்க கேக்கப் போறான்னு நெனச்சேன்."

புனிதா வாசலில் நின்றபடி செருப்பு நுனியைப் பார்த்தாள்.

"சரி விடு, வந்து சொல்லிட்டல்ல" என்றாள் சுபாஷினி. "சாப்டியா?"

"இன்னும் இல்ல. சுபா, வாரத்துல ஒரு நா எங்ககிட்ட வந்து ஆடிப் பாக்கிற வேலை செய்யிறியா? நான் சுபேசண்ணன்கிட்ட பேசுறேன்."

"மூணு மணி நேரம் ஒக்காந்து செத்துச் செத்துப் பொழைக்கிறதா? எனக்கு நம்ம கையுறைக் கிலாங்கே போதும்லா" என்று சிரித்தாள். "ஆனா புதுசா ஏதாச்சும் செஞ்சா மொதல்ல எனக்குக் காட்டு. சும்மா ஆடுறேன்."

'ஏழு குகை' மறு வருடம் மார்ச்சில் வெளிவந்தது. பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது, தோல்வியும் இல்லை. அடுத்த விளையாட்டைச் செய்கிற அளவுக்கு ஓடியது. விமர்சனம் எழுதியவர்கள் கதையைச் சுமார் என்றார்கள், சண்டையை நன்று என்றார்கள். மூச்சிரைக்கிற சத்தத்தை இரண்டு பேர் தனியாகக் குறிப்பிட்டிருந்தார்கள். சுபேசனின் அப்பா துரைசிங்கம் தன் ஓய்வுபெற்ற நண்பர்களை அழைத்து வந்து அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார்.

கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலைத் தமிழிலும் வைத்திருந்தார்கள். புனிதா வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். செல்லாயி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்று, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சண்டை வடிவமைப்பு... புனிதா அப்பாவு. ஒங்கப்பா பேரும் இருக்கு."

"ஆமாம்மா."

"ஏன் இம்புட்டுச் சின்னதா போட்டிருக்காங்க?"

"எல்லாருக்கும் அதே அளவுதான்மா."

"பெருசா போட்டா என்னா கொறஞ்சி போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்து, "இன்னொரு தடவ போடு" என்றார்.

இப்போது வெண்பாறையில் பதின்மூன்று பேர். புனிதாவுக்கு வயது முப்பத்து நான்கு. அவளுக்குக் கீழே இரண்டு பேர் இருக்கிறார்கள். எண்ணை மாற்றினால் இன்னொருவர் ஆடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறாள். அந்த விதி அவளுக்கும் உண்டு. மூன்றாவது விளையாட்டில் வில் அம்பு வருகிறது. ஒருவருக்கு எத்தனை அம்பு கொடுப்பது என்பதில் அவளுக்கும் சுபேசனுக்கும் இரண்டு மாதமாக ஒத்துப்போகவில்லை. விட்ட அம்பைத் திரும்பப் பொறுக்க முடிய வேண்டும் என்கிறார் சுபேசன். பொறுக்குகிற நேரத்தில் சண்டை செத்துப்போகும் என்கிறாள் புனிதா. போன புதன்கிழமை, ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு விதமாகவும் செய்து தரும்படி விக்னேஸ்வரனிடம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை எட்டுப் பேர் வருகிறார்கள்.